கொழுத்த குட்டியைத் தேடி வரும் துள்ளுமாரி

கோடை மழை இரண்டு பெய்து பத்து நாள் ஆனால் போதும்; பென்னாகரம், ஏரியூர் பக்கத்துக் கரடுகளில் பச்சை கட்டிவிடும். மாதக்கணக்கில் சருகையும் காய்ந்த தட்டையையும் தின்று கிடந்த செம்மறிகள் அந்த இளம்புல்லில் வைத்த வாயை எடுக்காது. பார்க்கிற நமக்கும் மனசு நிறையும். அடுத்த சில நாளில், ஒரு விடியற்காலை பட்டியைத் திறந்தால், மந்தையிலேயே திரட்சியாக இருந்த குட்டி கால்களை விறைத்து, கழுத்தைப் பின்பக்கம் வளைத்துச் செத்துக் கிடக்கும். சில சமயம் கண் முன்னாலேயே நடக்கும். மேய்ந்துகொண்டிருந்த குட்டி திடீரென்று நிற்கும், தலையைத் தூக்கும், ஒரு துள்ளு துள்ளி விழுந்து கால்களை உதைத்துக்கொள்ளும். மருத்துவருக்குப் போன் போடுவதற்குள் முடிந்துவிடும்.

பாம்பு தீண்டியிருக்கும் என்பார் ஒருவர். பக்கத்துக் காட்டுக்காரன் மருந்து வைத்துவிட்டான் என்பார் இன்னொருவர். இந்தச் சந்தேகத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. ஆனால் அனுபவப்பட்ட கிடைக்காரர்கள் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள்: துள்ளுமாரி. கால்நடை மருத்துவர்கள் இதைக் குடல் நச்சு நோய் என்கிறார்கள். இரண்டு பெயருமே பொருத்தம். முதல் பெயர் சாவு எப்படி வருகிறது என்று சொல்கிறது. இரண்டாவது பெயர் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறது.

இந்த நோயில் விவசாயியைக் குழப்புவது ஒன்றுதான். நோஞ்சான் குட்டி பிழைத்துக்கொள்கிறது. இரட்டைக் குட்டியில் பால் போதாமல் வளர்ந்தது பிழைத்துக்கொள்கிறது. தாயிடம் வயிறு முட்டக் குடித்து, புல்லையும் தீவனத்தையும் முந்திக்கொண்டு தின்ற ஒற்றைக் குட்டி, சந்தையில் நல்ல விலைக்குப் போக வேண்டிய குட்டி, அதுதான் சாகிறது. ஏன்? இதற்கான விடை, கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியின் மரபணுவில் பாதியும் நாம் போடும் தீவனத்தில் பாதியுமாக இருக்கிறது.

எங்கும் இருக்கும் கிருமி

கிருமியின் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வெல்ச், நட்டால் என்ற இரு மருத்துவர்கள் 1892-ல் இதை விவரித்து எழுதினார்கள். காற்று இல்லாத இடத்தில் வளரும். காலம் சரியில்லை என்றால் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு விதைபோல மண்ணில் கிடக்கும். வெயிலும் வறட்சியும் அதை ஒன்றும் செய்யாது. பட்டி மண், சாணம், புழுதி, குட்டை ஓரம் என்று இது இல்லாத இடமே இல்லை. நல்ல ஆரோக்கியமான ஆட்டின் குடலிலும் கொஞ்சம் இருக்கும். மனிதக் குடலிலும் இருக்கலாம்.

அப்படியானால் எல்லா ஆடும் செத்திருக்க வேண்டுமே என்று கேட்கத் தோன்றும். இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் ஆராய்ச்சியாளர்கள் கிருமியின் மரபணுவுக்குள் போனார்கள். கண்டது இதுதான்: ஒரே பெயரில் இருக்கும் இந்தக் கிருமிகள் எல்லாம் ஒரே குணம் கொண்டவை அல்ல. எந்த நச்சைச் செய்யத் தெரியும் என்பதைப் பொறுத்து ஏ, பி, சி, டி, ஈ என்று பிரித்தார்கள். 2018-ல் எஃப், ஜி என்று இரண்டு வகை சேர்ந்து இப்போது ஏழு. ஆல்பா என்ற நச்சுக்கான மரபணு ஏழிலும் உண்டு. டி வகையில் அதோடு எப்சிலான் என்ற நச்சும் சேரும். துள்ளுமாரியை உண்டாக்குவது இந்த டி வகைதான். பிராய்லர் கோழிகளில் குடல் அழுகல் நோயை உண்டாக்குவது ஜி வகை. அதன் நச்சை ஆஸ்திரேலியாவில் 2008-ல்தான் கண்டுபிடித்தார்கள். கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு அது தனிக் கதை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கிருமியின் உடலில் அதன் மரபுச் செய்தி முழுவதும் ஒரு பெரிய வளையத்தில் இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-ல் ஒரு கிருமியின் வளையத்தை முழுவதும் படித்து முடித்தபோது சுமார் 30 லட்சம் எழுத்துகள் இருந்தன. ஆல்பா நச்சின் மரபணு அந்தப் பெரிய வளையத்தில் இருக்கிறது. எப்சிலான் நச்சின் மரபணு அங்கே இல்லை. பிளாஸ்மிட் எனப்படும் தனியான சின்ன வளையத்தில் இருக்கிறது. அந்தச் சின்ன வளையம் 48 ஆயிரம் எழுத்து அளவிலும் உண்டு, ஒரு லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. டி வகைக் கிருமி அந்த வளையத்தைத் தொலைத்துவிட்டால் அதற்கு எப்சிலான் செய்யத் தெரியாது. வெறும் ஏ வகையாகிவிடும்.

ஒரே ஒரு மரபணுவா இத்தனைக்கும் காரணம்? இதைச் சோதித்துப் பார்த்தார்கள். டி வகைக் கிருமி ஒன்றில் எப்சிலான் மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்தார்கள். மற்ற எல்லாம் அப்படியே. அந்தக் கிருமியைச் செம்மறியின் குடலிலும் வெள்ளாட்டின் குடலிலும் செலுத்தியபோது நோய் வரவில்லை. அதே கிருமிக்கு அந்த மரபணுவைத் திருப்பிக் கொடுத்தபோது நோய் வந்தது. இந்த ஆய்வு 2013-ல் வெளியானது. கிருமி நம் எதிரி என்று சொல்வதைவிட, அந்த மரபணு செய்யும் நச்சு நம் எதிரி என்று சொல்வதுதான் சரி. தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளவும் இது வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

செரிமான நீரே நஞ்சைத் தீட்டுகிறது

எப்சிலான் நச்சு கிருமியிலிருந்து வெளிவரும்போது கூர் இல்லாத கத்தி போன்றது. பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆட்டின் கணையத்திலிருந்து குடலுக்கு வரும் டிரிப்சின் என்ற செரிமான நீர், புரதத்தை வெட்டுவது அதன் வேலை என்பதால், இந்த நச்சுப் புரதத்தின் இரண்டு முனைகளையும் நறுக்கிவிடுகிறது. நறுக்கிய பிறகுதான் அது கொல்லும் நஞ்சாகிறது. நன்றாகச் செரிக்கிற குடல்தான் இந்த நோய்க்கு உதவி செய்கிறது. கொழுத்த குட்டி ஏன் சாகிறது என்பதற்கு ஒரு காரணம் இது.

இதற்கு நேர்மாறானது சி வகைக் கிருமியின் பீட்டா நச்சு. டிரிப்சின் அதை அழித்துவிடும். டிரிப்சின் வேலை செய்யாத இடத்தில்தான் பீட்டா நச்சுக்கு வாழ்வு. பப்புவா நியூகினி நாட்டு மலைவாழ் மக்களிடம் பன்றிக்கறி விருந்துக்குப் பிறகு குடல் அழுகிச் சாகும் நோய் ஒன்று இருந்தது. அவர்களுடைய அன்றாட உணவான சர்க்கரைவள்ளிக் கிழங்கில் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் இருப்பது ஒரு காரணம் என்று கண்டார்கள். பிறந்த சில நாளே ஆன கன்றும் குட்டியும் சி வகையால் ரத்தக் கழிச்சல் கண்டு சாவதற்கும் இதே காரணம்தான். சீம்பாலில் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் உண்டு. அதற்காகச் சீம்பாலைக் கறந்து கொட்டிவிடக் கூடாது. தாயின் நோய் எதிர்ப்புச் சத்து செரித்துப் போகாமல் குட்டியின் ரத்தத்தில் சேர வேண்டும் என்பதற்காக இயற்கை செய்த ஏற்பாடு அது. சீம்பால் இல்லாத குட்டிதான் அதிகம் சாகும்.

இனி தீவனத்துக்கு வருவோம். இந்தக் கிருமிக்குத் தேவையான அமினோ அமிலங்கள் பலவற்றைத் தானே செய்துகொள்ளத் தெரியாது. அதற்கான மரபணுக்கள் அதனிடம் இல்லை. சுற்றியிருப்பதிலிருந்து எடுத்துத்தான் வாழ வேண்டும். சாதாரண நாளில் குடலில் அதற்குக் கிடைப்பது குறைவு. குடல் அசைந்து அசைந்து நச்சையும் கிருமியையும் சாணத்தோடு வெளியே தள்ளிவிடும். காய்ந்த தட்டையிலிருந்து திடீரென்று இளம்புல்லுக்கோ தானியத்துக்கோ மாறினால், அசைபோடும் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதற்குத் தயாராக இருக்காது. மாவுச்சத்து அரைகுறையாகச் செரித்துச் சிறுகுடலுக்கு இறங்கும். கிருமிக்கு அது விருந்து. ஏற்ற சூழலில் பத்து நிமிடத்துக்குள் ஒன்று இரண்டாகப் பெருகக்கூடிய கிருமி இது. பத்து நிமிடம் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஒரே ஒரு கிருமி மூன்று மணி நேரத்தில் 2,62,144 ஆகும். கூட்டம் பெருகியதும் கிருமிகள் தங்களுக்குள் வேதிப்பொருள் மூலம் சமிக்ஞை கொடுத்துக்கொள்கின்றன. எண்ணிக்கை போதும் என்று தெரிந்த பிறகுதான் நச்சு உற்பத்தி முழு வேகம் எடுக்கிறது.

நச்சு குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலந்தால் நேரே மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். ரத்தக் குழாய்களின் உட்சுவரில் ஓட்டை போடும். மூளையில் நீர் கசிந்து வீங்கும். அந்தத் துள்ளலும் கழுத்து வளைவதும் அதனால்தான். வெள்ளாட்டில் பெரும்பாலும் இப்படி உடனே நடப்பதில்லை. நாற்றமான நீர்க் கழிச்சல், சில நேரம் ரத்தமும் சளியும் கலந்து, வயிற்று வலியால் கத்துதல் என்று சில நாள் இழுக்கும். வெள்ளாட்டுக்காரர்கள் இதை வெறும் கழிச்சல் என்று நினைத்துப் பூச்சி மருந்து கொடுத்துவிட்டு விட்டுவிடுவதுண்டு.

தருமபுரி மாவட்டத்தில் இந்த விருந்து ஆட்டுக்கு எங்கெல்லாம் கிடைக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் இளம்புல் மட்டும் அல்ல. கேழ்வரகும் சோளமும் அறுத்த காட்டில் சிந்திய கதிர் இருக்கும். பக்ரீத் விலையை எதிர்பார்த்துக் கிடாவுக்குத் திடீரென்று மக்காச்சோளத்தை அள்ளி வைப்பவர்கள் உண்டு. இன்னொன்று கல்யாண வீட்டு மிச்சச் சோறு. வீணாகப் போகிறதே என்று ஒரு கூடை சோற்றை ஆட்டுக்குக் கொட்டுவதை நான் பல ஊரில் பார்த்திருக்கிறேன். அது ஆட்டுக்குச் செய்யும் உபகாரம் இல்லை. சோற்றால் வயிறு புளித்தே ஆடு சாகலாம். துள்ளுமாரிக்கும் அதுவே கதவைத் திறந்துவிடும்.

தீவனத்தை மாற்றத்தான் வேண்டும் என்றால் பத்து, பதினைந்து நாளில் படிப்படியாக மாற்றலாம். மழைக்குப் பிறகு முதல் வாரத்தில் காலையில் கொஞ்சம் உலர்தீவனம் போட்டு வயிற்றை நிரப்பிவிட்டு, வெயில் ஏறிய பிறகு குறைந்த நேரம் மட்டும் இளம்புல்லில் விடலாம். கூலி ஆள் வைத்து மேய்ப்பவர்களுக்கு இது சிரமம்தான். குறைந்தபட்சம் குட்டிகளையாவது தனியாகப் பிரித்து வைக்கலாம்.

கைமாறும் வளையம்

நச்சு மரபணு சின்ன வளையத்தில் இருக்கிறது என்றேன். அந்த வளையம் ஒரு கிருமியிடமிருந்து இன்னொரு கிருமிக்குக் கைமாறக் கூடியது. 2007-ல் ஆஸ்திரேலிய, அமெரிக்க ஆய்வாளர்கள் டி வகைக் கிருமியையும் நச்சு வளையம் இல்லாத கிருமியையும் ஒன்றாக வளர்த்து, வளையம் அடுத்ததற்குப் போவதைக் காட்டினார்கள். நச்சு தெரியாமல் இருந்த கிருமி நச்சு தெரிந்ததாக ஆனது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய சேதி வேறொன்று. டெட்ராசைக்ளின் மருந்துக்குக் கட்டுப்படாத தன்மையைச் சுமக்கும் வளையம் ஒன்றும் இந்தக் கிருமியில் உண்டு. அதுவும் நச்சு வளையமும் ஒரே குடும்பம். இடம் மாறுவதற்கான ஏற்பாடு இரண்டிலும் ஒன்றே. ஆடு ஒன்று செத்ததும் மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி மந்தை முழுவதற்கும் அளவு தெரியாமல் போடும் பழக்கம் பெருகி வருகிறது. விழுந்த ஆட்டுக்கு அதனால் பெரிய பலன் இல்லை. கிருமி செத்தாலும் அது ஏற்கெனவே கொட்டிய நச்சை மருந்து திரும்ப எடுக்காது. பிழைத்த கிருமிகளில் மருந்துக்குக் கட்டுப்படாத வளையம் உள்ளவைதான் மிஞ்சும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் கொடுங்கள், அவர் சொன்ன நாள் வரை கொடுங்கள். நாமாகப் போட வேண்டாம்.

இரண்டாவது ஊசி

மண்ணில் இருக்கும் கிருமியை ஒழிக்க முடியாது. பட்டியை எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் அது இருக்கும். தடுப்பூசி அந்த வேலைக்கு வருவதும் இல்லை. கிருமியை வளர்த்து, அது செய்த நச்சை ஃபார்மலின் கொண்டு வீரியம் இழக்கச் செய்து ஊசியாக்குகிறார்கள். அது ஆட்டின் உடலுக்கு எப்சிலானை அடையாளம் காட்டி வைக்கிறது. பிறகு உண்மையான நச்சு ரத்தத்துக்கு வரும்போது எதிர்ப்புச் சத்து அதைப் பிடித்துக்கொள்ளும். ராணிப்பேட்டையில் 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் நம் மாநிலத்துக்கு இந்தத் தடுப்பூசியைத் தயாரிக்கிறது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்துக் கூட்டத்தை மாற்றி, நச்சுத் தன்மையே இல்லாத எப்சிலான் புரதத்தைச் செய்து ஊசியாக்கலாம் என்று இங்கிலாந்தில் 1998-லேயே காட்டினார்கள். அந்த வழியில் ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. நமக்குக் கையில் இருப்பது பழைய முறை ஊசி. சரியாகப் போட்டால் நன்றாகவே காப்பாற்றும்.

சரியாகப் போட்டால் என்பதில்தான் கோளாறு. வீரியம் இழந்த நச்சைக் கொண்டு செய்த ஊசியின் குணம், முதல் ஊசி உடலுக்கு அறிமுகம் மட்டுமே. எதிர்ப்புச் சத்து போதிய அளவுக்கு ஏறுவது இரண்டாவது ஊசிக்குப் பிறகுதான். முதல் முறை போடும் ஆட்டுக்கு இரண்டு, மூன்று வாரத்தில் மறு ஊசி கட்டாயம். முகாமில் ஒரு ஊசி போட்டதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டு, குட்டி செத்ததும் ஊசி சரியில்லை என்று பேசுகிறோம். முகாம் நடத்துகிறவர்களும் மறு ஊசித் தேதியைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்தால் நல்லது. வாயால் சொல்வது சந்தை இரைச்சலில் போய்விடுகிறது.

எப்போது போடுவது? ஐப்பசி மழையை மனதில் வைத்துப் புரட்டாசியில் போடுவது கடலோர மாவட்டங்களுக்குச் சரியாக இருக்கலாம். தருமபுரிக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு, அதற்கு முன் கோடை மழையும் உண்டு. புல் முதலில் துளிர்ப்பது கோடை மழையில். அதனால் முதல் ஊசியும் மறு ஊசியும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பங்குனியிலேயே மருந்தகத்தில் கேட்டு வைத்துவிட வேண்டும். சினை ஆட்டுக்கு ஈனுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்னால் போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் முதல் இரண்டு, மூன்று மாதம் காப்பு கிடைக்கும். அந்தக் குட்டிக்கு மூன்று, நான்கு மாத வயதில் அதற்கே தனியாக ஊசியும் மறு ஊசியும். தாய்க்குப் போடாமல் விட்டிருந்தால் இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும். எந்த வாரத்தில் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செம்மறிக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. வெள்ளாட்டில் இந்த எதிர்ப்புச் சத்து சீக்கிரம் குறைந்துவிடும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நல்லது. ஊசி மருந்தை ஐஸோடு ஒட்டி வைத்து உறையவிடக் கூடாது. உறைந்த மருந்து பலன் தராது. குப்பியைக் குலுக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

காரிமங்கலம், நல்லம்பள்ளி சந்தைகளில் வாங்கி வரும் ஆடுகளுக்கு ஊசி போட்டிருக்கிறதா என்று விற்பவருக்கே தெரியாது. போடவில்லை என்றே வைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குவதுதான் பாதுகாப்பு. அவை ஏறி வந்த வண்டியில் பட்டினி கிடந்து, வந்த இடத்தில் வயிறு முட்டத் தின்பவை என்பதையும் மறக்க வேண்டாம்.

செத்த ஆடு சொல்லும் சாட்சி

திடீரென்று செத்ததெல்லாம் துள்ளுமாரி அல்ல. அடைப்பான் நோயிலும் இப்படித்தான் சாகும். மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் தெரிந்தால் ஆட்டைத் தொடவோ அறுக்கவோ கூடாது. அது மனிதனுக்கும் வரும். தண்ணீர் இல்லாமல் வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்தாலும் நிமிடக் கணக்கில் சாகும். அது சயனைடு நஞ்சு, அதற்கு மாற்று மருந்து உண்டு. எது என்று தெரிய மருத்துவர் வர வேண்டும். கறியாக்கி விற்றுவிடும் அவசரத்தை அதுவரையாவது ஒத்திப்போட வேண்டும். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியை அழைக்கலாம்.

எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் இதில் எல்லாம். செத்த உடலில் பெர்ஃபிரிஞ்சென்ஸ் கிருமி எந்த ஆட்டின் குடலிலும் மளமளவென்று பெருகும். வேறு காரணத்தால் செத்த ஆட்டிலும் பெருகும். அதனால் கிருமி இருந்தது என்பது மட்டும் சாட்சி ஆகாது. குடலில் உள்ள சாற்றில் எப்சிலான் நச்சு இருக்கிறதா, கிருமியில் அதற்கான மரபணு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரபணுவைப் பி.சி.ஆர். சோதனையில் சில மணி நேரத்தில் பார்த்துவிடலாம். மருத்துவர் சிறுகுடலின் ஒரு துண்டை இரு முனையும் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு இதற்கு வழிகாட்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. வளர்ப்பு முறை பற்றிய சந்தேகங்களுக்குக் குண்டல்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மையத்தை அணுகலாம்.

அடைப்பான் இல்லை என்று உறுதியான பிறகு உடலைத் திறக்கும் மருத்துவர் சில அடையாளங்களைத் தேடுவார். இதயத்தைச் சுற்றியுள்ள பையில் நீர் கோத்திருக்கும். சிறுநீரகம் சில நேரம் கூழ் போலக் குழைந்திருக்கும். ஆனால் நேரம் கழித்துத் திறந்தால் எந்த ஆட்டிலும் குழையும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. செம்மறியில் இன்னொரு துப்பு உண்டு. நச்சின் தாக்குதலில் கல்லீரல் தன் சேமிப்புச் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டிவிடுவதால் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீர் பார்க்கும் அதே தாளை மூத்திரப்பையில் தொட்டுப் பார்த்தால் நிறம் மாறும். ஆனால் நிறம் மாறவில்லை என்பதற்காகத் துள்ளுமாரி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அவர் அந்த வேலையில் இருக்கும்போதே நாம் செய்ய வேண்டியது, மிச்ச ஆடுகளை அந்தப் புல்லிலிருந்து ஓட்டி வந்து உலர்தீவனத்தில் நிறுத்துவது. சென்ற ஆண்டு இரண்டு ஊசியும் போட்ட ஆடுகளுக்கு அன்றே ஒரு ஊசி போட்டால் எதிர்ப்புச் சத்து சில நாளில் மேலேறும். இதுவரை ஊசியே காணாத குட்டிகளுக்கும் அன்றே தொடங்கலாம். ஆனால் மறு ஊசி போட்டுப் பத்து நாள் ஆகும் வரை அவற்றை இளம்புல்லுக்கு அனுப்பக் கூடாது. செத்த குட்டியை ஓடையிலோ புதரிலோ வீசாமல் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும்.